அழாமல் எடுத்த கண்ணீர்

என் தோழி கண்ணீர் எடுப்பவள். யாரையும் அழ வைப்பவள் அல்ல. அழாமல் இருக்கும்போது எடுப்பவள். அதுதான் அந்த வேலையின் கஷ்டம். இதை வெளியாட்களுக்குப் புரிய வைக்கப் பார்த்து எத்தனையோ முறை தோற்றிருக்கிறேன். என் கூடப் பிறந்த அக்காவே ஒருமுறை, "அப்போ பேஷண்டைக் கிள்ளுவீங்களா?" என்று கேட்டாள். அதோடு விளக்கம் சொல்வதையே விட்டுவிட்டேன்.

நாங்கள் இருவரும் ஓர் ஆஸ்பத்திரியின் பின்பக்கக் கட்டடத்தில் அடுத்தடுத்த அறைகளில் வேலை பார்த்தோம். முன் அறை அவளுடையது. அங்கே வெளிச்சம் உண்டு, ஜன்னல் உண்டு, தலையைச் சாய்த்து உட்கார ஒரு நாற்காலி உண்டு. அது பல் டாக்டர் ஒருவர் வேண்டாம் என்று தள்ளிய நாற்காலி. பின் அறை என்னுடையது. அங்கே இருந்த ஒரே ஜன்னலையும் கறுப்புத் துணி போட்டு மூடியிருந்தார்கள். இரண்டுக்கும் நடுச்சுவரில் ஒரு சின்னத் திறப்பு. அதன் வழியாக அவள் கண்ணீர் எடுத்த சோதனைக் குழாய்களைத் தள்ளுவாள், நான் குடித்து முடித்த டீ டம்ளரைத் தள்ளுவேன். அப்படித் தள்ளக் கூடாது என்று சுவரில் எழுதி ஒட்டியிருந்தது. அதை ஒட்டியதே நான்தான்.

எல்லாம் சர்க்கரை நோய்க்காரர்களுக்காக. சர்க்கரை பல வருஷம் உடம்பில் தங்கிவிட்டால் கண்ணின் விழித்திரையும் சிறுநீரகமும் கெட ஆரம்பிக்கும். ஆளுக்கு அது தெரியாது. தெரிய வரும்போது பாதி போயிருக்கும். எங்கள் பெரிய டாக்டருக்கு ஓர் எண்ணம். கெட ஆரம்பிக்கிற இடத்தில் செல்களுக்குள்ளே இருக்கும் என்சைம்கள் வெளியே கசியும். சிறுநீரகத்தில் கசிந்தால் சிறுநீரில் தெரியும். அதேபோலக் கண் கெடுவதற்குக் கண்ணீரில் ஏதாவது தடயம் கிடைக்குமா என்று பார்க்கலாமே என்றார். "சுவர் விழறதுக்கு முன்னாடி சுண்ணாம்பு உதிருமில்ல? அந்த உதிர்ற சுண்ணாம்பைத்தான் நாம தேடறோம்" என்று எங்களுக்குச் சொன்னார். கண்டுபிடித்துவிட்டோம் என்று சொல்லவில்லை, தேடுகிறோம் என்றுதான் சொன்னார். அதனாலேயே அவரை எனக்குப் பிடிக்கும்.

என் வேலை சுலபம். என்சைம் ஒரு மருந்தை உடைக்கும். உடைந்த துண்டு ஊதா விளக்குக்குக் கீழே நீலமாக ஒளிரும். நீலம் கூடினால் என்சைம் கூடுதல். இருட்டில் உட்கார்ந்து நீலத்தை அளக்க எனக்குக் கசக்குமா? அவள் வேலைதான் கத்தி மேல் நடப்பது. காகிதத் துண்டு ஒன்றின் நுனியை மடித்துக் கீழ் இமைக்குள் மாட்டுவாள். ஆள் கண்ணை மூடிக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். காகிதம் தானாக நனைய வேண்டும். நனைந்ததைக் குழாயில் போட்டு எனக்கு அனுப்புவாள். அழுதால் கண்ணீர் கொட்டும், கொட்டுகிற தண்ணீரில் என்சைம் கரைந்து காணாமல் போகும். அப்போது அவள் திறப்பின் வழியாக "வேஸ்ட்" என்பாள். நான் ஒரு குழாயைக் குப்பையில் போடுவேன்.

ஆரம்பத்தில் எல்லாமே வேஸ்ட். சர்க்கரை நோய்க்காரர்களைச் சாய்த்து உட்கார வைத்துக் கண்ணை மூடச் சொல்லி, ஒரு பெண் மெல்லத் தாடையைப் பிடித்தால் என்ன ஆகும்? அழுதார்கள். பெண்களாவது கொஞ்சம் தாக்குப் பிடித்தார்கள். ஆண்கள், அதுவும் மீசை பெரிதாக வைத்திருந்தவர்கள், பொலபொலவென்று அழுதார்கள். சரி, சிரிக்க வைக்கலாம் என்று அவள் ஜோக் சொல்லிப் பார்த்தாள். சிரித்தாலும் கண்ணீர் வரும் என்பது எங்கள் இருவர் மண்டைக்கும் அப்போதுதான் உறைத்தது.

கடைசியில் அவள் கண்டுபிடித்ததுதான் கீல் கதை.

"எங்க வீட்டு பாத்ரூம் கதவு இருக்கில்ல, அதுல மேல் கீல் நல்லா இருக்கு. கீழ் கீல்தான் சத்தம் போடுது. எண்ணெய் விட்டேன். கொஞ்ச நாள் சும்மா இருந்துச்சு. அப்புறம் மறுபடியும் ஆரம்பிச்சிடுச்சு. சரி, ஸ்க்ரூ லூஸா இருக்கும்னு குனிஞ்சு பார்த்தா, நாலுல மூணு டைட்டாத்தான் இருக்கு..."

ஏற்றம் இல்லாமல், இறக்கம் இல்லாமல், ஈரத்துணி பிழிந்து உலர்த்துகிற மாதிரி ஒரே சீராகச் சொல்லிக்கொண்டே போவாள். சரியான ரம்பம். ஆனால் அந்த ரம்பத்திலும் ஒரு கணக்கு இருந்தது. கொட்டாவி விட்டாலும் கண்ணில் நீர் வரும். ஆகவே கொட்டாவிக்கு ஒரு படி முன்னால் ஆளை நிறுத்திவைக்க வேண்டும். சோகமும் வராமல், சிரிப்பும் வராமல், தூக்கமும் வராமல் மனிதன் நிற்கிற இடம் ஒன்று உண்டு என்றும், அது கீழ்க் கீலுக்குப் பக்கத்தில் எங்கோ இருக்கிறது என்றும் எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

நோயாளிகள் அவளுக்குக் கீல் அக்கா என்று பெயர் வைத்தார்கள். தச்சு வேலை செய்யும் ஒருவர் அடுத்த முறை வரும்போது பழைய செய்தித்தாளில் புதுக் கீல் ஒன்றைச் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். அவளும் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டாள். "கதவு நல்லாத்தானே இருக்கு, அவர்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?" என்றேன். "சொன்னா அவர் மனசு கஷ்டப்படும். அப்புறம் அழுவார். அப்புறம் வேஸ்ட்" என்றாள்.

கதவு உண்மையில் நன்றாகத்தான் இருந்தது. அது அவள் கணவர் தன் கையால் மாட்டிய கதவு.

அவர் பஸ் டிரைவர். நான் அவரை அண்ணே என்று கூப்பிடுவேன். ஆள் வாட்டசாட்டம். சிரித்தால் பஸ்ஸின் பின்சீட்டு வரை கேட்கும். பல வருஷமாகச் சர்க்கரை. அவரையும் ஆராய்ச்சியில் சேர்த்தாள். முதல் தடவை நாற்காலியில் சாய்ந்தவர், இவள் பழக்கத்தில் கீல் கதையை ஆரம்பித்ததும், கண்ணில் தொங்கிய காகிதத்தோடு எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"எந்தக் கதவும்மா சத்தம் போடுது? நான் மாட்டின கதவா?"

"நீங்க சாய்ஞ்சு உட்காருங்க."

"ஊர்ல இருக்கிற சர்க்கரைக்காரன் எல்லாம் என் கதவைப் பத்தி என்ன நினைப்பான்?"

பின் அறையில் நான் சிரித்த சிரிப்பில் என் கையிலிருந்த குழாயும் வேஸ்ட். அன்றிலிருந்து அவர் லீவு நாள் தவறாமல், டெப்போவிலிருந்து வாங்கி வந்த மெஷின் எண்ணெயை அந்தக் கீலுக்கு விட்டார். சும்மா இருந்த கீலுக்கு. பாத்ரூம் ஜன்னல் விளிம்பில் ஒரு குட்டி எண்ணெய் டப்பா நிரந்தரமாக உட்கார்ந்துகொண்டது. அவர்கள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம், "அண்ணே, கீல் எப்படி இருக்கு?" என்று நான் சீண்டுவேன். கதவைத் திறந்து மூடிக் காட்டுவார். காற்று கூட அவ்வளவு சத்தமில்லாமல் வராது.

ஒப்பிட்டுப் பார்க்கச் சர்க்கரை இல்லாதவர்களும் எங்களுக்கு வேண்டும். அதே வயதில், அதே மாதிரி வேலை செய்கிற ஆளாக இருந்தால் நல்லது. டிரைவர் தன் பஸ்ஸின் கண்டக்டரையே அழைத்து வந்தார். ஒல்லி மனிதர், பயந்த சுபாவம். காகிதத்தைக் கண்ணில் மாட்டியபோது டிக்கெட் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

கண்ணீர் எங்கள் நாற்காலியில்தான் எடுக்க முடியும். சிறுநீர் அப்படியில்லை. காலையில் வீட்டில் பிடித்து, நாங்கள் கொடுத்த பாட்டிலில் கொண்டுவருவார்கள். அதைக் கொண்டுவருவதில்தான் எத்தனை வெட்கம். ஒருவர் சாப்பாட்டுப் பையில் மறைத்து வருவார். ஓர் அம்மா, ஆறிவிடக் கூடாது என்று பிளாஸ்கில் ஊற்றிக் கொண்டுவந்தார். அந்த பிளாஸ்கை அவர் திரும்ப எடுத்துப் போனதை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

டிரைவருடைய கண்ணீரில் நீலம் ஒவ்வொரு முறையும் கூடிக்கொண்டே வந்தது. சிறுநீரோ படு சுத்தம். "கண்ணும் கிட்னியும் ஒண்ணாத்தான் கெடணும்னு கட்டாயமில்ல" என்றார் பெரிய டாக்டர். ஆனாலும் சொட்டு மருந்து விட்டுக் கண்ணைப் பரிசோதிக்க வேண்டும் என்றார். சொட்டு மருந்து விட்டால் அன்று முழுக்கப் பார்வை மங்கலாக இருக்கும், வண்டி ஓட்ட முடியாது. டிரைவருக்கு அது வசதியாகப் போய்விட்டது. இன்று டியூட்டி, நாளைக்கு மாற்று ஆள் இல்லை, அடுத்த நாள் ஜலதோஷம். பிடியே கொடுக்கவில்லை. கீல் அக்கா வீட்டில் கெஞ்சினாள், சண்டை போட்டாள், பேசாமல் இருந்து பார்த்தாள். திறப்பின் வழியாக அவள் முகம் நாளுக்கு நாள் சுருங்குவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அந்தக் காலை வந்தது. வரிசையாகச் சிறுநீர் அளந்துகொண்டிருந்தேன். ஒரு பாட்டிலுக்கு மெஷினில் ஓர் எண் வந்தது. இரண்டு பாட்டில் தள்ளி அதே எண் வந்தது. என்சைம் அதே, மற்ற அளவுகளும் அதே. இரண்டு மனிதர்களுக்கு ஒன்று ஒத்துப்போகலாம். எல்லாமே ஒத்துப்போகாது. எனக்குக் கோபம் ஏறியது.

"ஏண்டி, ஒரே பாட்டிலை ரெண்டா ஊத்தி ரெண்டு பேரு எழுதி ஒட்டி வெச்சிருக்கியா? உன் தூக்கத்துக்கு என் மெஷின்தான் கிடைச்சுதா?"

"என்னைக்காவது நான் மாத்தி ஒட்டியிருக்கேனா? உன் மெஷினைப் போய்ப் பாரு."

"என் மெஷினுக்கு ஒண்ணுமில்ல."

"என் கைக்கும் ஒண்ணுமில்ல."

அந்தச் சின்னத் திறப்பில் இரண்டு தலைகளும் முட்டிக்கொள்கிற அளவுக்குச் சண்டை. "எந்த ரெண்டு?" என்று கடைசியில் கேட்டாள். பாட்டில்கள் இரண்டையும் திருப்பிக் காட்டினேன். ஒன்றில் அவள் கணவர் பெயர். இன்னொன்றில் கண்டக்டர் பெயர்.

அவள் முகத்தில் ஈயாடவில்லை. எனக்கு அதற்குப் பிறகுதான் விளங்கியது. அவள் மாற்றவில்லை, நானும் மாற்றவில்லை. வரும்போதே மாறித்தான் வந்திருக்கிறது. கண்டக்டர் ஒரே சிறுநீரை இரண்டு பாட்டிலில் பிடித்திருக்கிறார். ஒன்று தன் பெயருக்கு, ஒன்று டிரைவர் பெயருக்கு. இதுவரை இருவர் பாட்டிலும் வேறு வேறு நாளில் வந்ததால் எனக்குத் தெரியவில்லை. இத்தனை மாதமாக நாங்கள் சுத்தம் என்று சந்தோஷப்பட்ட சிறுநீர் டிரைவருடையதே இல்லை. கண்ணீரை மட்டும் அவரால் இரவல் வாங்கிவர முடியவில்லை.

அவள் கையைக் கழுவினாள், பையை எடுத்தாள். "வா" என்றாள்.

பஸ் நிலையத்தில் கண்டக்டரைத்தான் முதலில் பிடித்தோம். அவளைப் பார்த்ததுமே அவருக்கு வியர்த்துவிட்டது. ஒரு கேள்வி கூடக் கேட்க வேண்டியிருக்கவில்லை.

"நான் வேணாம்னுதான் சொன்னேன் அண்ணி. அண்ணன்தான் கேட்கல. போன வருஷம் டெப்போல ஒரு டிரைவருக்குக் கண்ணு சரியில்லன்னு தெரிஞ்சதும் மறுநாளே வண்டியை விட்டு இறக்கிட்டாங்க. அந்தப் பயம். அது மட்டுமில்ல..." என்று இழுத்தார். "ரிசல்ட் எதுவா இருந்தாலும் முதல்ல உன் அண்ணி கைக்குத்தான் போகும், அவ மூஞ்சி மாறறதை என்னால பார்க்க முடியாதுடான்னார்."

"வண்டி ஓட்டறப்போ கண்ணு எப்படி இருக்கு?" என்று அவள் கேட்டாள்.

கண்டக்டர் தரையைப் பார்த்தார். "சாயங்காலம் ஆயிட்டா எதிர்ல வர்ற போர்டை எல்லாம் நான்தான் படிச்சுச் சொல்றேன்."

நல்ல வெயில் நேரம் அது. பஸ் புறப்படத் தயாராக இருந்தது. நாங்கள் ஏறி டிரைவருக்குப் பக்கத்து நீளச் சீட்டில் உட்கார்ந்தோம். எங்களைப் பார்த்ததும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. "என்னம்மா, ஆஸ்பத்திரிக்கு லீவா?" என்று சிரித்தார். வண்டி நிலையத்தைத் தாண்டிய பிறகு, அவள் அந்தக் குரலில் ஆரம்பித்தாள்.

"நம்ம வீட்டு பாத்ரூம் கதவு இருக்கில்ல, அதுல மேல் கீல் நல்லா இருக்கு."

"இங்கயுமா?" என்று அவர் கொல்லென்று சிரித்தார். பின்னால் இருந்தவர்களும் என்னவென்று தெரியாமலே சிரித்தார்கள்.

"கீழ் கீல்ல நாலு ஸ்க்ரூ. மூணு நம்மளோடது. நாலாவது வேற வீட்டுக் கதவுல இருந்து கழட்டி மாட்டினது. பார்த்தா தெரியாது. அளவு, தலை, எல்லாம் ஒண்ணுதான். ஆனா அது நம்ம கதவோடது இல்ல. யார் வீட்டுதுன்னும் எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

அவர் சிரிப்பு நின்றது. கண்ணாடியில் அவளைப் பார்த்தார், உடனே சாலையைப் பார்த்தார். அவள் நிறுத்தவில்லை. ஸ்க்ரூவைப் பற்றி, துருவைப் பற்றி, எண்ணெய் எந்தப் பக்கம் வழிந்தது என்பதைப் பற்றி, ஏற்ற இறக்கமில்லாமல் சொல்லிக்கொண்டே வந்தாள். வண்டி ஓட்டுகிறவர் கலங்கிவிடக் கூடாது என்றுதான் அப்படிப் பேசுகிறாள் என்பது எனக்கு வழியில்தான் புரிந்தது. பாதி வழியில் அவர் மிக மெதுவாக, "சரிம்மா" என்றார். அதற்குப் பிறகும் அவள் கீலை விடவில்லை. அவர் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒழுங்காக நிறுத்தி, ஒழுங்காக எடுத்தார். அவ்வளவு பதமாக அவர் பஸ் ஓட்டி நான் பார்த்ததில்லை.

கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கினார்கள். கண்டக்டர் டீ குடிக்கப் போகிறவர் மாதிரி வேகமாக நடந்து மறைந்தார். நான் பின்சீட்டுக்குப் போய் உட்கார்ந்தேன். டிரைவர் என்ஜினை அணைத்தார். இரண்டு கையையும் ஸ்டியரிங்கிலேயே வைத்துக்கொண்டு அழுதார். அவ்வளவு பெரிய உடம்பு குலுங்கியதில் முன்கண்ணாடியில் தொங்கிய சாவிக்கொத்து ஆடியது.

"அழுங்க" என்றாள் அவள். இப்போது அது அவளுடைய சொந்தக் குரல். "பேப்பர் கொண்டு வரல. நல்லா அழுங்க."

அவர் ஓய்ந்த பிறகு சொன்னாள்: "நீங்க மறைச்சாலும் நான் பார்க்கத்தான் போறேன். கடைசியா பார்ப்பேன், அவ்வளவுதான் வித்தியாசம். முதல்ல பார்க்க விடுங்க."

அவள் அழவில்லை. திரும்பி வரும்போதும் அழவில்லை. அத்தனை வருஷத்தில் அவள் அழுது நான் பார்த்ததே இல்லை.

மறுநாளே பரிசோதனை நடந்தது. கண்ணுக்குப் பின்னால் புதிதாக மெல்லிய ரத்தக் குழாய்கள் முளைத்திருந்தன, லேசாகக் கசிந்தும் இருந்தன. லேசர் வைத்தார்கள். இன்னும் தள்ளிப் போட்டிருந்தால் பார்வை போயிருக்கும் என்றார் கண் டாக்டர். தன் சொந்தச் சிறுநீரை முதல் தடவையாகக் கொண்டுவந்து கொடுத்தார் அண்ணன், தலையைக் குனிந்துகொண்டு. அதிலும் நீலம் இருந்தது. ஆரம்ப நிலைதான், மருந்தில் பிடித்துவிட்டார்கள்.

பஸ்ஸை விட்டு இறக்கத்தான் செய்தார்கள். பஸ் நிலையத்தில் மைக் பிடித்து வண்டி புறப்படுகிற நேரத்தை அறிவிக்கிற வேலை கொடுத்தார்கள். முதலில் யாரோடும் பேசாமல் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மற்ற டிரைவர்கள் கியர் மாற்றுகிற சத்தம் கேட்டால் மைக்கிலேயே திட்டுவார். அப்புறம் அந்தச் சிரிப்பு மைக்கில் வர ஆரம்பித்தது. நான் பஸ்ஸுக்கு நிற்கும்போது வேண்டுமென்றே ஒரு பஸ்ஸை விட்டுவிட்டு அதைக் கேட்டிருக்கிறேன். அது ஒரு காலம்.

ஆராய்ச்சி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். கட்டுரை வந்தது. மேலும் ஆய்வு தேவை என்று முடிந்தது. எல்லாக் கட்டுரையும் அப்படித்தான் முடியுமாம். நன்றி சொல்லும் வரியில் எங்கள் இருவர் பெயரும் இருந்தது, என் பெயரில் எழுத்துப் பிழையோடு. மெஷினை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பல் டாக்டர் நாற்காலி எங்கே போனதென்று தெரியவில்லை. போன வருஷம் அந்தப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தேன். என் இருட்டறையில் உடைந்த சக்கர நாற்காலிகளை அடுக்கியிருந்தார்கள். கறுப்புத் துணியைக் கழற்றிவிட்டிருந்தார்கள். அந்த அறைக்குள் அவ்வளவு வெளிச்சம் வரும் என்று எனக்குத் தெரியாது. நடுச்சுவர்த் திறப்பு மட்டும் அப்படியே இருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தப் பக்கமிருந்து ஒரு கை குழாயை நீட்டாதா என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

அண்ணன் இந்த வருஷம் இறந்துபோனார், நன்றாக வயதான பிறகுதான். கடைசி வாரம் வரை கண்ணாடி போட்டுக்கொண்டு செய்தித்தாள் படித்தார். மனைவியின் புடவை நிறத்தைச் சரியாகச் சொல்லி, இது உனக்கு எடுப்பாக இல்லை என்று வம்பிழுத்தார்.

உறவுக்காரர்கள் எல்லாம் ஊருக்குத் திரும்பிய பிறகு நான் போனேன். அவள் கதவைத் திறந்தாள், டீ போட்டாள், எதிரில் உட்கார்ந்தாள். கண் காய்ந்து கிடந்தது. அவர் நாற்காலியைப் பார்த்ததுமே நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு முந்தானையைத் தேடினேன். அவள் அதைக் கவனித்திருக்க வேண்டும்.

"பாத்ரூம் கதவு இருக்கில்ல, அதுல மேல் கீல் நல்லா இருக்கு" என்று ஆரம்பித்தாள். "கீழ் கீல்தான் சத்தம் போடுது."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"என்கிட்டயேவா ரம்பம் போடறே? நான் அழக்கூடாதாக்கும்? அண்ணனுக்கு அழ எனக்கு உரிமை இல்லையா?"

"இல்லடி" என்றாள். எழுந்து போய் பாத்ரூம் கதவைத் தள்ளினாள்.

அது கிறீச்சென்றது. நீளமாக, வீடு முழுக்கக் கேட்கும்படி. இத்தனை வருஷத்தில் அந்தக் கதவு போட்டு நான் கேட்ட முதல் சத்தம்.

"இப்போ நிஜமாவே சத்தம் போடுது" என்றாள். ஜன்னல் விளிம்பில் அந்த எண்ணெய் டப்பா அதே இடத்தில் இருந்தது. "டப்பா இருக்கு. கை நீட்டினா எட்டும். விடத் தோணல."

கதவைப் பிடித்தபடி நின்றவள் குரல் உடைந்தது. உடைந்ததைச் சரிசெய்ய மறுபடியும் அந்தப் பழைய குரலில், "நாலு ஸ்க்ரூல மூணு டைட்டாத்தான்..." என்று ஆரம்பித்தாள். நான் எழுந்து போய் அவள் தாடையைப் பிடித்தேன், நோயாளிகளை அவள் பிடிக்கிற மாதிரியே.

"பேப்பர் கொண்டு வரலடி" என்றேன். "அழு."